மன்னரைக் குறைகூறினால் சிறை: இத்தகைய சட்டங்களுக்கு இன்னும் நியாயம் உண்டா?

நெடுவழி எழுதியது:

தாய்லாந்துத் தண்டனைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவைப் பற்றிச் சில நாள்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அரசர், அரசி, பட்டத்து வாரிசு, அரசப் பிரதிநிதி ஆகியோரை இழித்துரைத்தாலோ அவமதித்தாலோ மிரட்டினாலோ, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை என்கிறது அந்தப் பிரிவு. முன்பு அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டாக இருந்தது. 1976-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகுதான் இப்போதைய அளவுக்கு ஏற்றப்பட்டது. 2021 ஜனவரியில், முன்பு அரசு ஊழியராக இருந்த ஒரு பெண்மணிக்கு 87 ஆண்டு விதித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பதற்காக அதைப் பாதியாகக் குறைத்து, 43 ஆண்டு 6 மாதம் என்று தீர்ப்பளித்தார்கள். அரசரை விமர்சிக்கும் ஒலிப்பதிவுகளை அவர் இணையத்தில் பகிர்ந்திருந்தார்.

தண்டனையின் நீளம் ஒருபுறம் இருக்கட்டும். என்னை அதைவிட உறுத்தியது வேறொன்று. இத்தகைய வழக்குகளைப் பற்றிய செய்திகளில் எத்தனை ஆண்டு, எந்த நீதிமன்றம், பிணை கிடைத்ததா என்பதெல்லாம் இருக்கிறது. குற்றவாளி என்ன சொன்னார் என்பது மட்டும் இருப்பதில்லை. உள்நாட்டு ஏடுகள் அதை அச்சிடத் துணிவதில்லை, ஏனெனில் அந்தச் சொல்லைச் செய்தியாக எடுத்துச் சொன்னாலே அதே பிரிவு தங்கள்மீதும் பாயலாம். ஒரு திருட்டு வழக்கில் எது திருடுபோனது என்று ஊருக்குத் தெரியும். இங்கே ஒருவரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளே வைத்துவிட்டு, எதற்காக என்று கேட்டால் சொல்ல முடியாது என்கிறார்கள். அப்படியொரு நிலையில் அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று குடிமக்கள் எப்படி எடைபோடுவார்கள்?

ஆட்சியாளருக்கென்று தனியாக ஒரு சட்டம் வேண்டுமா, அல்லது எல்லாருக்கும் உள்ள அவதூறுச் சட்டமே அவருக்கும் போதாதா என்பதுதான் நான் இங்கே முன்வைக்கும் கேள்வி.

தாழை எழுதியது:

தண்டனை மிகை என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தண்டனையின் அளவையும் சட்டத்தின் தேவையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அரசியலமைப்பின்படி முடிமன்னராக இருப்பவர் அரசியல் பேச முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, தன்னை ஏசியவருக்குப் பத்திரிகையில் மறுப்பு எழுத முடியாது, நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவும் மாட்டார். திருப்பிப் பேச முடியாத ஒருவரைச் சட்டம் காப்பதில் என்ன பிழை இருக்கிறது? இது ஆசிய நாடுகளின் பழக்கம் மட்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஸ்பெயினில், டென்மார்க்கில், நெதர்லாந்தில், ஏன், மன்னரே இல்லாத ஜெர்மனியிலும் அரசுத் தலைவரை இழிவுபடுத்துவதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. விமர்சனம் வேறு, வசை வேறு. விமர்சனத்தைத் தொடாமல் வசையை மட்டும் தண்டிக்கும் சட்டம் கூடாது என்று எவரும் சொல்வதை நான் கேட்டதில்லை.

வழக்காடி எழுதியது:

தாழை அவர்கள் சொல்லும் வேறுபாடு ஏட்டில் அழகாக இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடுபவன் என்ற முறையில் அதை நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்து பார்க்கிறேன்.

முதலில், நாம் ஒரே சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அரச நிந்தனை, ராஜத்துரோகம், குற்றவியல் அவதூறு, சட்டமன்ற உரிமை மீறல் என்று வெவ்வேறு பெயர்களில் இருந்தாலும், ஒரு வாசல் அடைபட்டால் அடுத்த வாசல் வழியாக அதே எழுத்தாளரைப் பிடிப்பதற்கு இவை பயன்பட்டு வந்திருக்கின்றன. ஆகவே பெயரை விட்டுவிட்டு, புகார் கொடுக்க யாருக்கு உரிமை உண்டு என்று முதலில் பாருங்கள். ஒரு சட்டத்தின் குணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். நீங்கள் சுட்டிய ஜெர்மானியச் சட்டத்தின் 90-ஆம் பிரிவில், குடியரசுத் தலைவரே அனுமதி கொடுத்தாலொழிய வழக்கு நடத்த முடியாது. தாய்லாந்தில் யார் வேண்டுமானாலும் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கலாம், அரசியல் எதிரி கொடுக்கலாம், முன்பின் அறியாதவரும் கொடுக்கலாம். புகாரை ஏற்க மறுத்தால் தன்னுடைய விசுவாசமே கேள்விக்குள்ளாகுமோ என்ற அச்சம் காவல் அதிகாரிக்கும் இருக்கும். மன்னரைக் காக்கவென்று எழுதப்பட்ட பிரிவு இப்படித்தான் அண்டை அயலாரின் பகை தீர்க்கும் கருவியாகிவிடுகிறது.

நெதர்லாந்தைச் சொன்னீர்கள். அங்கே ஐந்தாண்டு வரை இருந்த தண்டனையை 2020 முதல் நான்கு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். பெல்ஜியத்தில் மன்னரை அவமதிப்பது பற்றிய 1847-ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று 2021-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வெளிநாட்டுத் தலைவர்களை அவமதிப்பதற்கென்று ஜெர்மனி வைத்திருந்த 103-ஆம் பிரிவை, துருக்கி அதிபரைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒருவர் நையாண்டிக் கவிதை படித்ததால் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு, அவர்களே 2018 தொடக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஐரோப்பாவில் இருக்கிறது என்பது உண்மை. அது தேய்ந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து, விமர்சனம் வேறு, வசை வேறு என்பது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ராஜத்துரோகம் பற்றிய 124-அ பிரிவிலும் அப்படி ஒரு விளக்கம் எழுதித்தான் வைத்திருந்தார்கள்: வெறுப்பைத் தூண்டாமல் அரசின் நடவடிக்கைகளைக் கண்டிப்பது குற்றமாகாது என்று. ஆனால் 1897-இல் திலகர் வழக்கில் நீதிபதி ஸ்ட்ராச்சி ஜூரிகளுக்குச் சட்டத்தை விளக்கியபோது, அந்தப் பிரிவில் உள்ள துவேஷம் என்ற சொல்லுக்கு அரசின்மீது அன்பு இல்லாமை என்றே பொருள் கொண்டார். அரசை நேசிக்காதிருப்பதே குற்றம் என்று ஆனபின், எந்த விமர்சனம் தப்பும்? 1922-இல் அதே பிரிவின்கீழ் கூண்டில் நின்ற காந்தி, அன்பைச் சட்டத்தால் உண்டாக்கவோ ஒழுங்குபடுத்தவோ முடியாது என்று சொல்லி, குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறாண்டு தண்டனையை ஏற்றார்.

தாழை எழுதியது:

புகார் கொடுக்கும் உரிமை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அது நான் யோசித்திராத கோணம். ஆனால் 124-அ அந்நிய ஆட்சியின் சட்டம். மக்களே தேர்ந்தெடுத்த அரசைக் காப்பதற்கும் அந்நிய அரசைக் காப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

மெய்ப்பு எழுதியது:

சட்ட நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஒரு வார இதழில் பதினாறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். இதழின் பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. தாழை அவர்களின் கேள்விக்கு அந்த மேசையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அப்போது நடந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிதான். ஆட்சித் தலைவரைப் பற்றிய ஒரு கட்டுரைக்காக எங்கள் ஆசிரியர்மீது அரசுத் தரப்பில் அவதூறு வழக்கு போட்டிருந்தார்கள். தண்டனை என்று எதுவும் வரவில்லை. வாய்தா வந்தது, பிறகு இன்னொரு வாய்தா வந்தது. இதழ் அச்சுக்குப் போகும் நாளாகப் பார்த்து விசாரணை வரும். ஆசிரியர் காலையில் போய் நீதிமன்ற வராந்தாவில் நிற்பார், மாலையில் தேதி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவார். இரண்டரை ஆண்டுகள் அப்படி ஓடின.

அந்த வழக்கு தொடங்கிய பிறகு என் மேசைக்கு வந்த படிகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஒரு நிருபர் எழுதிய ஒப்பந்த ஊழல் கட்டுரையின் முதல் படியில் தலைப்பு, "சாலைப் பணியில் கொள்ளை" என்று இருந்தது. துணை ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். இரண்டாம் படியில் "கொள்ளை" என்பது "முறைகேடு" ஆனது. மூன்றாம் படியில் "முறைகேடு என்று புகார்" ஆனது. நான்காம் படி நள்ளிரவு தாண்டி வந்தது. "சாலைப் பணி: எழும் கேள்விகள்" என்று இருந்தது. உள்ளே ஒரு பத்தி முழுவதும் போயிருந்தது. அந்தப் பத்தியில்தான் ஆட்சித் தலைவரின் கையொப்பம் எந்தக் கோப்பில் எந்தத் தேதியில் இருந்தது என்ற விவரம் இருந்தது. அதை எவரும் வெட்டச் சொல்லி உத்தரவிடவில்லை. அதிகாரி வரவில்லை, தொலைபேசி அழைப்பும் வரவில்லை. நான்கு பேர் ஆளுக்குக் கொஞ்சமாக, ஒருவர் மற்றவரைக் கேட்காமலே, குறைத்திருந்தோம். நானும் அதில் ஒருவன். "கையூட்டு" என்று ஓரிடத்தில் எஞ்சியிருந்ததை எழுத்துப்பிழையைத் திருத்துவதுபோல நான்தான் "பயன்" என்று மாற்றினேன்.

இதழ் வந்தது. எந்த வாசகருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரிந்திருக்காது. இந்தச் சட்டத்தால் எத்தனை பேர் சிறை சென்றார்கள் என்று கணக்கிடுகிறவர்களின் பட்டியலிலும் அந்த இரவு வராது.

கருமை எழுதியது:

மெய்ப்பு ஐயா எழுதியதைப் படித்தபின் சொற்களைப் பற்றிப் பேசவே தயக்கமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தது கேலிச்சித்திரம். அதில் இந்தச் சிக்கல் இன்னும் வேடிக்கையாக வெளிப்படும்.

1831-இல் பாரிஸில் சார்ல் பிலிப்போன் என்ற இதழாசிரியர்மீது, மன்னர் லூயி பிலிப்பைச் சித்திரத்தில் அவமதித்ததாக வழக்கு நடந்தது. படத்தில் இருப்பவர் மன்னர்தான் என்பது குற்றச்சாட்டு. பிலிப்போன் நீதிமன்றத்திலேயே நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதற்படம் கனத்த தாடையும் உச்சியில் குவிந்த முடியுமாக மன்னரின் முகம். இரண்டாவதில் கன்னங்கள் சற்றுத் தொங்கின. மூன்றாவதில் கண்ணும் வாயும் ஏறக்குறைய கோடுகளாகிவிட்டன. நான்காவது ஒரு பேரிக்காய். முதல் படம் மன்னரைப் போலிருப்பதால் குற்றம் என்றால், முதலாவதைப் போலிருக்கும் இரண்டாவதும் குற்றம், அப்படியானால் பேரிக்காயும் குற்றம், இனிப் பேரிக்காய்களையெல்லாம் கைது செய்வீர்களா என்று வாதாடினார். ஜூரிகள் சிரித்திருக்கக்கூடும், ஆனாலும் ஆறு மாதச் சிறையும் 2,000 பிராங்க் அபராதமும் கிடைத்தன. அதற்குப் பிறகு பாரிஸ் நகரத்துச் சுவர்களில் எங்கே பார்த்தாலும் கரிக்கட்டியால் வரைந்த பேரிக்காய். ஒரு பெயரும் எழுத வேண்டியிருக்கவில்லை. அதே இதழுக்கு வரைந்த தோமியேவும், மக்களின் வரிப்பணத்தை விழுங்கும் அரக்கனாக மன்னரைச் சித்திரித்து, 1832-இல் ஆறு மாதம் சிறை சென்றார். 1835-இல் வந்த சட்டம் ஏடுகளின் எழுத்தை விட்டுவிட்டு, படங்களுக்கு முன்தணிக்கையைக் கொண்டுவந்தது. எழுத்தறியாதவருக்கும் புரிவது படம் அல்லவா.

ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழித்து, துருக்கியில் ஒரு மருத்துவர் தம் அதிபரின் படங்களையும் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் திரைப்படத்தில் வரும் கோல்லம் என்னும் பாத்திரத்தின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையத்தில் போட்டார். அதிபரை அவமதிப்பவருக்கு 1 முதல் 4 ஆண்டு வரை சிறை என்னும் 299-ஆம் பிரிவின்கீழ் வழக்கு. நீதிபதி அந்தத் திரைப்படத்தை முழுதாகப் பார்த்திராததால், கோல்லம் நல்லவனா கெட்டவனா என்று ஆராய்ந்து சொல்ல 2015 டிசம்பரில் ஒரு வல்லுநர் குழுவை அமைத்தார். கல்வியாளர்கள், மனநல வல்லுநர்கள், திரைத்துறை சார்ந்தவர் என்று ஐந்து பேர். கற்பனைப் பாத்திரத்தின் ஒழுக்கம் பற்றி அரசு செலவில் ஆய்வு.

நம் பக்கத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரம் வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், அமைச்சர் யார் என்பதைப் பிக்பாக்கெட்டையும் முகமூடிக் கொள்ளைக்காரனையும் வைத்து அடையாளம் சொல்லும் சித்திரம். எவர் பெயரும் அதில் இல்லை. தமிழகச் சட்டமன்றம் அதை உரிமை மீறல் என்று தீர்மானித்து, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாள்களில் விடுவித்தார்கள். அவர் அதோடு விடாமல் உயர் நீதிமன்றம் சென்று 1,000 ரூபாய் இழப்பீடு பெற்றார். தாழை அவர்கள் கவனிக்க: அவரைச் சிறைக்கு அனுப்பியது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம்தான்.

தாழை எழுதியது:

கவனித்தேன். பேரிக்காயைப் பற்றி எனக்கு வாதம் இல்லை. மெய்ப்பு அவர்கள் விவரித்த நான்காம் படியைப் பற்றியும் எளிதாகச் சொல்ல ஏதுமில்லை.

ஆனால் என் கவலை இன்னும் தீரவில்லை. ஆட்சியாளரைப் பற்றி அப்பட்டமான பொய்யை, பொய் என்று தெரிந்தே பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். போலி ஒலிப்பதிவுகளும் போலிப் படங்களும் ஒரே இரவில் இலட்சக்கணக்கானவர்களைச் சென்றடைகின்றன. அதையும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டால் பத்திரிகைக்குப் போதுமான காப்பு ஆகாதா?

வழக்காடி எழுதியது:

நல்ல கேள்வி. இதற்கு வரலாறு இரண்டு கட்டமாகப் பதில் சொல்கிறது.

பழைய ஆங்கிலச் சட்டத்தில் உண்மை ஒரு காப்பாகவே இருக்கவில்லை. 1606-இல் இங்கிலாந்தின் நட்சத்திர மண்டபம் (Star Chamber) என்ற நீதிமன்றம், சொன்னது மெய்யா பொய்யா என்பது பொருட்டல்ல என்றும், ஆட்சியில் இருப்பவரைப் பற்றிய இழிமொழி தனிமனிதரைப் பற்றியதைவிடக் கொடியது என்றும் வகுத்தது. உண்மை பெரிதாகப் பெரிதாக அவதூறும் பெரிதாகும் என்ற வழக்குமொழி பின்னர் அதிலிருந்தே கிளைத்தது. பொய்யை மறுத்துவிடலாம், மெய்யை என்ன செய்வது என்பது அதன் தர்க்கம். 1735-இல் நியூயார்க்கில் ஆளுநர் காஸ்பியைக் கண்டித்து எழுதியவற்றை அச்சிட்ட ஜான் பீட்டர் செங்கர், பல மாதம் சிறையில் கிடந்த பிறகு கூண்டில் நின்றபோது, நீதிபதி சொன்ன சட்டத்தை மீறி ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். அவர் அச்சிட்டவை உண்மை என்று அவருடைய வழக்கறிஞர் வாதாடியது அவர்கள் மனத்தில் நின்றது. அந்த வழக்கால் சட்டம் மாறிவிடவில்லை, ஆனால் அதன் பிறகு ஜூரிகளை அச்சுறுத்துவது கடினமாயிற்று.

இரண்டாவது கட்டம்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். 1798-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ராஜத்துரோகச் சட்டம் இயற்றியபோது, உண்மையென்று மெய்ப்பித்தால் விடுதலை என்று எழுதியே வைத்தது. அதிபரையும் நாடாளுமன்றத்தையும் அவமதிப்பது குற்றம். எதிர்க்கட்சிக்காரரான துணை அதிபர் ஜெஃபர்சனை அவமதிப்பது மட்டும் குற்றமில்லை. சட்டத்தை எழுதியவர்களின் மனம் இந்த ஓட்டையில் தெரிகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் மேத்யூ லயன், அதிபர் ஆடம்ஸ் பகட்டையும் புகழ்ச்சியையும் விரும்புகிறவர் என்று எழுதினார். நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். பகட்டை விரும்புகிறார் என்பதை எந்தச் சாட்சியை வைத்து மெய்ப்பிப்பது? கருத்துக்குச் சான்று கேட்டால் எந்த ஆசிரியராலும் கொடுக்க முடியாது. லயனைத் தொகுதி மக்கள் சிறையில் இருக்கும்போதே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். சட்டம் 1801-இல் காலாவதியானது.

ஆகவே உண்மையைக் காப்பாக வைத்தால் மட்டும் போதாது. தகவலில் நேர்ந்த நேர்மையான பிழைக்கும் இடம் விட வேண்டும். பொய்யென்று அறிந்தோ, மெய்யா என்று பாராமல் அலட்சியமாகவோ வெளியிட்டார் என்பதை வழக்குத் தொடுத்தவர் மெய்ப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-இல் சொன்னது அதற்காகத்தான். நம் உச்ச நீதிமன்றமும் 1994-இல் நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், அரசும் அரசு அமைப்புகளும் அவதூறுக்காக நட்டஈடு கேட்க முடியாது என்றும், வெளிவருமுன்பே தடுப்பதற்கு அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் குற்றவியல் அவதூறு என்ற வாசல் திறந்தே இருக்கிறது. அதை 2016-இல் அதே உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. மெய்ப்பு ஐயாவின் ஆசிரியர் வராந்தாவில் நின்றது அந்த வாசலில்தான்.

ஓரத்துவாசகன் எழுதியது:

இதுவரை பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். இச்சட்டங்கள் யாரைத் தண்டிக்கின்றன என்பதில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பாரதி எழுதிய "இந்தியா" வார ஏட்டின்மீது 1908-இல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது, கைதானவர் பாரதி இல்லை. ஏட்டின் சட்டபூர்வ ஆசிரியராகப் பதிவேட்டில் பெயர் இருந்த எம். சீனிவாசன் கைதாகி, ஐந்தாண்டு தண்டனை பெற்றார். எழுதியவர் புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து ஏட்டை நடத்தினார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வருவதைத் தடுத்ததும் 1910-இல் ஏடு நின்றது. அதே 1908-இல் மேடைப்பேச்சுக்காக வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள். மேல்முறையீட்டில் குறைந்து, 1912 இறுதியில் வெளியே வந்தபோது வழக்கறிஞர் உரிமையும் போயிருந்தது. வ.உ.சி.யை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சீனிவாசனை எத்தனை பேர் அறிவார்கள்?

ஒரு நூற்றாண்டு கழித்துத் தாய்லாந்தில் அதுவே திரும்ப நடந்தது. சோம்யோத் என்ற இதழாசிரியர் 112-ஆம் பிரிவைத் திருத்தக் கோரிக் கையெழுத்து இயக்கம் தொடங்கிய சில நாள்களில், 2011-இல் கைதானார். குற்றம், அவருடைய இதழில் வேறொருவர் புனைபெயரில் எழுதிய இரண்டு கட்டுரைகள். 2013-இல் அவற்றுக்காகப் பத்தாண்டு விதித்தார்கள். எழுதாதவருக்குத் தண்டனை கிடைத்தால், மற்ற ஆசிரியர்கள் எழுதுபவரைக் கண்காணிக்கத் தொடங்குவார்கள். அரசு தனியாகத் தணிக்கையாளரை வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, மொழி. 1878-இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம் ஆங்கில ஏடுகளைத் தொடவில்லை. அதே கண்டனம் ஆங்கிலத்தில் வந்தால் தலையங்கம், நாட்டுமொழியில் வந்தால் குற்றம். வங்காளத்து அமிர்த பஜார் பத்ரிகா அதிலிருந்து தப்புவதற்காகவே முழு ஆங்கில ஏடாக மாறியது. ஆட்சியாளர்கள் அஞ்சியது கண்டனத்தை அல்ல, அதைப் படிக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையை என்று எனக்குத் தோன்றுகிறது.

124-அ பிரிவின் பிற்கதையையும் தாழை அவர்களுக்காகச் சொல்கிறேன். விடுதலைக்குப் பிறகும் அது நீடித்தது. வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் சுருக்கியது. கீழே இருந்த காவல் நிலையங்கள் அந்தச் சுருக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாயச் சட்டத்தில் ராஜத்துரோகம் என்ற சொல் இல்லை. இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பது என்ற பெயரில் 152-ஆம் பிரிவு இருக்கிறது. ராஜத்துரோகச் சட்டத்தை இங்கே புகுத்திய பிரிட்டன், தன் மண்ணில் அந்தக் குற்றத்தை 2009-இல் இயற்றிய சட்டத்தால் ஒழித்துவிட்டது.

நெடுவழி எழுதியது:

மன்னர் திருப்பிப் பேச முடியாதவர் என்று தாழை அவர்கள் முதலில் சொன்னதற்குத் திரும்ப வருகிறேன். தாய்லாந்து மன்னர் பூமிபோல் 2005 டிசம்பரில், தம் பிறந்தநாளை ஒட்டிய உரையில், அரசரையும் விமர்சிக்கலாம் என்று வெளிப்படையாகவே பேசினார். அதற்குப் பிறகு வழக்குகள் குறையவில்லை, பெருகின. தமக்கு வேண்டாம் என்று மன்னரே சொன்ன பாதுகாப்பை அவர் பெயரால் மற்றவர்கள் பிடிவாதமாக நடத்தினார்கள் என்றால், அந்தச் சட்டத்தால் காக்கப்படுவது யார்?

அதற்கு மேலும் ஒரு படி உண்டு. அந்தப் பிரிவைத் திருத்துவோம் என்று தேர்தல் வாக்குறுதி கொடுத்த கட்சி 2023 மே தேர்தலில் 151 இடங்களுடன் முதலிடம் பெற்றது. அந்த வாக்குறுதியே முடியாட்சியைக் கவிழ்க்கும் முயற்சி என்று கூறி, 2024 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் கட்சியைக் கலைத்தது. மன்னரைப் பற்றிப் பேசக் கூடாது என்ற இடத்திலிருந்து, பேசக் கூடாது என்ற சட்டத்தைப் பற்றியும் பேசக் கூடாது என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

தாழை எழுதியது:

பூமிபோல் உரை பற்றி எனக்குத் தெரியாது. தேடிப் படித்தேன், நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. தனிச்சட்டம் வேண்டும் என்ற என் நிலையை விட்டுக்கொடுக்கிறேன். ஆயினும் வேண்டுமென்றே செய்யும் போலிக்குத் தீர்வு வேண்டும் என்பதில் மாற்றமில்லை. வழக்காடி அவர்கள் எதை மட்டும் மிச்சம் வைப்பார் என்று அறிய விரும்புகிறேன்.

வழக்காடி எழுதியது:

கொலை மிரட்டலுக்குச் சட்டம் இருக்கட்டும், உடனடி வன்முறையைத் தூண்டுவதற்கு இருக்கட்டும். இரண்டும் எல்லாருக்கும் பொதுவானவை. அறிந்தே சொன்ன பொய்யால் கெட்ட பெயருக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம், ஆட்சியாளர் தம் சொந்தச் செலவில், சொந்த வழக்கறிஞரை வைத்து. போலிப் படங்களுக்கும் அதுவே போதும் என்று நான் சொல்லவில்லை. அது தனியாகப் பேச வேண்டியது. ஆனால் அதற்குத் தீர்வு தேடுகிறவர்கள் ஆட்சியாளரிலிருந்து தொடங்கக் கூடாது, தற்காத்துக்கொள்ள வழியே இல்லாத சாதாரண மனிதரிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரான்ஸின் அனுபவம் ஒன்று. அதிபர் சர்க்கோசி 2008-இல், தம்மோடு கைகுலுக்க மறுத்த ஒருவரைப் பார்த்து, ஒழிந்துபோ முட்டாளே என்ற பொருளில் கொச்சையாக ஏசினார். அது ஒளிப்பதிவாகி நாடு முழுவதும் பரவியது. பிறகு அதிபர் வேறோர் ஊருக்குச் சென்றபோது, அதே சொற்களை அட்டையில் எழுதி ஒருவர் ஏந்தி நின்றார். 1881-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின்கீழ், அதிபரை அவமதித்த குற்றத்துக்காக அவருக்கு 30 யூரோ அபராதம் விதித்து, அதையும் நிறுத்தி வைத்தார்கள். அந்தச் சிறு அபராதத்தையும் அவர் ஏற்காமல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று 2013-இல் வென்றார். அதே ஆண்டு பிரான்ஸ் அந்தக் குற்றத்தையே சட்டத்திலிருந்து நீக்கியது. அந்த வழக்கில் அட்டையில் இருந்த சொற்களை நீதிமன்றம் உரக்கப் படித்தது, ஏடுகள் அச்சிட்டன, ஊரே சேர்ந்து எடைபோட்டது. நெடுவழி அவர்கள் முதலில் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மெய்ப்பு எழுதியது:

ஒரு சந்தேகம். முதல் பதிவில் 87 ஆண்டு எப்படிப் பாதியானது என்று புரியவில்லை. ஒப்புக்கொண்டால் பாதி என்பது அங்கே விதியா?

நெடுவழி எழுதியது:

29 குற்றச்சாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 3 ஆண்டு, ஆக 87. குற்றத்தை ஒப்புக்கொள்வது போன்ற காரணங்களுக்காகத் தண்டனையைப் பாதி வரை குறைக்க அந்நாட்டுச் சட்டம் நீதிபதிக்கு இடம் தருகிறது. இதனால் இன்னொன்றும் நடக்கிறது. வழக்காடித் தோற்றால் முழுத் தண்டனை, ஒப்புக்கொண்டால் பாதி என்னும்போது, தாங்கள் பேசியது குற்றமே அல்ல என்று நம்புகிறவர்களும் ஒப்புக்கொள்ளும் நெருக்கடிக்கு ஆளாகிறார்கள். ஒப்புக்கொண்டபின் சாட்சி விசாரணையோ வாதமோ தேவைப்படுவதில்லை. அவர்கள் சொன்னது விமர்சனமா வசையா என்று எவரும் பிரித்துப் பார்க்காமலே வழக்கு முடிந்துவிடுகிறது.